மழைக்கோட்டு எந்த மாடலுக்கான உதிரிபாகம்?

அன்பும் அறிவும் பிடிவாதமும் ஒருசேர நிரம்பிய மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்பது, உதவி எண் பிரிவிலிருந்து நீ எனக்கு அனுப்பும் குறை அறிக்கைகளின் சூட்டைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்புக்கு முடியாத ஆள் அப்படி எழுத முடியாது. ஆகவே நலம் விசாரிக்கும் பகுதி இத்துடன் முடிந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன்னை வீட்டுக்குத் திரும்பி வரச்சொல்லி இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. மாடி அறையைக் காலி செய்துவிட்டு இரண்டு தெரு தள்ளி இரும்புக்கடைக்கு மேலே வாடகைக்குப் போனது உன் இஷ்டம். வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதும் உன் இஷ்டம். மேலாளர் அதில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், படுத்ததும் தூங்கிவிடுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க முழுக்கத் தொழில் சம்பந்தமானது. நம் கம்பெனியின் கொதிகலன் கையேட்டை, அதாவது நான் எழுதிய கையேட்டை, திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிற, உன்னைப்போல் கண் தெரியாதவர்களுக்குத் தோதாக நான் தன்னந்தனியாக மாற்றி அமைத்த வரலாற்றை நீ முறையாகத் தெரிந்துகொள்ளவேண்டும். நீ வாயாடி என்று செல்லமாகக் கூப்பிடும் உன் திரைவாசிப்பானிடம் அதைத் துண்டு துண்டாகக் கேட்டிருப்பாய். முழுக்கதை உனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனி. இந்தக் கடிதத்தில் அடிக்குறிப்பே கிடையாது. ஆவணப் பிரிவுக்குத் தலைவனான நாளிலிருந்து அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு பக்கம்கூட நான் எழுதியதில்லை. என் முதுகுக்குப் பின்னால் என்னை அடிக்குறிப்பார் என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். பட்டப்பெயர் என்றால் இப்படித்தான் கௌரவமாக இருக்கவேண்டும். கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்னால் உன் அக்காவுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே ஒன்று இருந்தது. ‘உங்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது’ என்று எழுதி, பக்கத்தில் குட்டியாக ஓர் எண் போட்டு, கீழே ‘பெற்றோர் சம்மதத்துக்கு உட்பட்டது’ என்று சேர்த்திருந்தேன். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அப்பேர்ப்பட்ட நான் உனக்காக, அதாவது தொழிலுக்காக, எல்லாவற்றையும் மேலேயே எழுதுகிறேன். வாயாடி தங்குதடையில்லாமல் படித்துக்கொண்டு போகலாம்.

சலவை நிலைய விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு சலவை நிலையக்காரர் உன்னைப் போனில் கூப்பிட்டு, கொதிகலனில் அடி வண்டலை வெளியேற்றும் வால்வை எத்தனை சுற்று திறக்கவேண்டும் என்று கேட்டார். நீ கையேட்டைத் திறந்தாய். அங்கே ‘கைப்பிடியை 3 சுற்று திருப்பவும்’ என்று நான் தெள்ளத்தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்த மூன்றின் தோளில் குட்டியாக ஓர் இரண்டு உட்கார்ந்திருக்கும், இரண்டாம் அடிக்குறிப்பைப் பார் என்று அர்த்தம். பக்கத்தின் அடிக்குப் போனால் ‘புதிய மாடல்களில் அரைச்சுற்று போதும், கூடினால் கைப்பிடி கழன்று வரும்’ என்று இருக்கும். பார்க்கிறவனுக்கு இதைவிடத் தெளிவு என்ன வேண்டும்? ஆனால் வாயாடி என்ன செய்தது? மூன்றையும் குட்டி இரண்டையும் ஒன்றாக ஒட்டி முப்பத்திரண்டு சுற்று என்று படித்துத் தொலைத்தது. நீயும் அப்படியே சொன்னாய். அந்த மனிதரும் பாவம், நம் கம்பெனி மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்துச் சுற்றியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி உனக்கே போன் போட்டு, “சார், கைப்பிடி கையோட வந்துடுச்சு. பாக்கிச் சுத்தை எதைப் பிடிச்சு சுத்தறது?” என்று கேட்டாராமே. அறை முழுக்க வெந்நீர். ஏதோ ஒரு ஓட்டலின் படுக்கைவிரிப்புகள் மொத்தமும் துரு நிறமாகிவிட்டன. நல்லவேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நீ எனக்குப் போன் செய்து, “அத்தான், சுத்து எண்ணிக்கை ஒரு மாதிரி வருது” என்று ஆரம்பித்தாய் என்றும், நான் “நான் எழுதினதுல தப்பு வராது, எழுதினபடி சொல்லு” என்று பேச்சை வெட்டி வைத்துவிட்டேன் என்றும் உன் அக்கா சொல்லிக்கொண்டு திரிகிறாள். இருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனையோ போன் வருகிறது, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? மறுநாள் கூட்டத்தில் மேலாளர் எல்லார் முன்னாலும் இது எப்படி நடந்தது என்று கேட்டபோது, “அடிக்குறிப்பைப் படிக்காம பதில் சொன்னா இப்படித்தான் நடக்கும்” என்று நான் பொதுவாகத்தான் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. அந்த அறையில் உதவி எண்ணில் பதில் சொல்கிற ஆள் நீ ஒருவன்தான் என்பது தற்செயல். போன் விஷயத்தை நான் அங்கே எடுக்கவில்லை என்பதும் வாஸ்தவம்தான். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது கூட்டத்துக்கு மரியாதை இல்லை. அதற்காக மேலாளர் உன் கோப்பில் எச்சரிக்கை எழுதி வைத்தால் நான் என்ன செய்ய? நீயாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி, கைத்தடியை விரித்துக்கொண்டு எழுந்து போனாய். சாயங்காலம் வீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டே “நீங்க சொல்லியிருக்கணும் அத்தான்” என்றாய். அவ்வளவுதான் பேச்சு. சரி, இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறவேண்டும்? தொழில் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன பிறகு உன் அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சுத்தமாக நிறுத்தவில்லை, நான் பக்கத்தில் இருக்கும்போது சமையலறைச் சுவரிடம் பேசுகிறாள். “சில பேருக்குத் தான் எழுதினதுன்னா வேதவாக்கு” என்று சுவருக்குத் தெரிவிக்கிறாள். “வாய் கிழியப் பேசறவங்களுக்கு வேணுங்கற நேரத்துல வாய் அடைச்சுப் போயிடும்” என்றும் சுவருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் சுவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “நீங்க எழுதினதை அவன் கேக்கற மாதிரி ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்” என்றாள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. கேட்டால் போச்சு, எழுதினவனுக்குத் தெரியாததா என்று மறுநாளே கத்திரியின் மேசைக்குப் போனேன். நம் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிற அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் இதுதான் என்பது உனக்குத் தெரியும். நான் எழுதிய எதையும் அவள் வெட்டாமல் போட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கணினியில் ஒரு வாயாடியைப் போட்டுக் கொடுத்து, திரையை அணைத்துவிட்டு, “ம், உங்க கையேடுதானே சார், வண்டல் வால்வைக் கண்டுபிடிங்க பார்க்கலாம்” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கண்டுபிடித்தேன், அதில் சந்தேகமே வேண்டாம். கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் கம்பெனிப் பெயர், அப்புறம் முகப்பு, தயாரிப்புகள், கிளைகள், தொடர்புகொள்ள, தேடுக என்று பக்கத்தின் தலையில் இருப்பதையெல்லாம் அது ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. ஒருவழியாக வால்வுக்கு வந்து, குட்டி எண்ணை அமுக்கினேன். அடிக்குறிப்புக்குப் போனது. கேட்டேன். அருமையான அடிக்குறிப்பு. பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பவேண்டுமே, எப்படித் திரும்புவது? அமுக்கின பொத்தானையெல்லாம் அமுக்கினேன். ‘பக்கத்தின் முடிவு’ என்றது. வேறு வழியில்லாமல் மறுபடி தலையிலிருந்து கம்பெனிப் பெயர், முகப்பு, தயாரிப்புகள், கிளைகள். மறுபடி வால்வு, மறுபடி பழக்கதோஷத்தில் அந்த எண்ணை அமுக்கினேன், மறுபடி அடியில் கிடந்தேன். நான் எழுதிய கையேட்டில் நானே வழி தெரியாமல் நிற்பது என்பது வேறு யாருக்காவது நடந்திருந்தால் வேடிக்கையாக இருந்திருக்கும். இதற்கிடையில் எந்தப் பொத்தான் எதைச் செய்ததோ, வாயாடி கையேட்டை விட்டுவிட்டு என் மின்னஞ்சல்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. மேலாளரின் எழுத்துப்பிழைகளைப் பற்றி நான் ஒரு சிநேகிதருக்கு எழுதியிருந்த நீண்ட கடிதம் வெளியே வருகிறது, மேலாளர் டீக் கோப்பையோடு என் பின்னால் வந்து நிற்கிறார். நிறுத்தத் தெரியவில்லை. நல்லவேளை, நான் அமுக்கின அமுக்கலில் அது தலைதெறிக்கிற வேகத்தில் பேசியதால் அந்த அறையில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அந்த வேகத்தைப் புரிந்துகொள்கிற ஒரே ஆள் இரண்டு தெரு தள்ளி இரும்புக்கடைக்கு மேலே குடியிருந்தான். இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு போட்டிருப்பேன். போடவில்லை.

உடனே வேலையில் இறங்கிவிட்டேன். அடிக்குறிப்புக்குப் போனவர் திரும்பி வர வழி வேண்டும், அவ்வளவுதானே? ஒவ்வொரு அடிக்குறிப்பின் முடிவிலும் ‘மேலே’ என்று ஓர் இணைப்பைப் போடச்செய்தேன். கையேடு முழுக்கப் போட்டோம். கத்திரி ஏதோ சொல்ல வந்தாள், காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை உன் குறை அறிக்கை வந்தது. ‘பக்கம்: வால்வுகள். இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்டால் மேலே, மேலே, மேலே, மேலே என்று வருகிறது. எதற்கு மேலே என்று தெரியவில்லை. இப்படிக்கு, உதவி எண் பிரிவு.’ அத்தான் என்று ஒரு சொல் இல்லை. ஒரே கட்டடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இப்படிக்கு உதவி எண் பிரிவு! ஆனாலும் நான் அதைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு இணைப்பும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அதன் பெயரிலேயே சொல்லிவிட்டேன். ‘வண்டல் வால்வு வரிக்குத் திரும்ப’, ‘அழுத்தமானி வரிக்குத் திரும்ப’ என்று பேருந்துப் பலகை மாதிரி தெளிவாக. குட்டி எண்ணைச் சுற்று எண்ணிக்கையோடு ஒட்ட விடாமல் பிரித்து ‘குறிப்பு இரண்டு’ என்று படிக்கவைத்தேன். கைப்பிடி கழன்று வரும் என்பது போன்ற எச்சரிக்கைகள் அடியில் கிடக்கக் கூடாது, திருப்பச் சொல்வதற்கு முன்னாலேயே வாசகத்தில் நிற்கவேண்டும் என்பதையும் நானேதான் கண்டுபிடித்தேன். கத்திரி அதைப் பலமுறை சொல்லியிருந்தாள் என்பது வேறு விஷயம். கண்ணால் படிக்கிறவர்களும் இப்போது கீழே போய்ப் பார்க்கவேண்டியதில்லை என்று சந்தோஷப்படுகிறார்களாம். அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன்.

அடுத்து படங்கள். கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் வாயாடி படிக்கிற மாதிரி விளக்கம் எழுதவேண்டும் என்றார்கள். என்னிடமா சொல்கிறார்கள்! இத்தனை காலம் வால்வையும் குழாயையும் எழுதி எழுதிக் கை காய்த்துப்போனவனுக்கு வர்ணனை எழுத ஒரு வாய்ப்பு. கம்பெனிச் சின்னத்துக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். ‘விடிகாலை வானத்தின் நீலப் பின்னணியில், கடமையே கண்ணாக ஆவி பறக்கும் ஒரு கொதிகலன்’ என்று ஆரம்பித்து அதன் நிழல் வரைக்கும் போனேன். ‘செக்கச் சிவந்த கைப்பிடி, தொட்டால் சுடுமோ என்று தயங்கவைக்கும் வளைவு’ என்று வண்டல் வால்வுக்கு. வாயாடி அதையெல்லாம் படித்து முடித்து முதல் வழிமுறைக்கு வருவதற்குள் நிஜக் கொதிகலன் ஆறிப்போய்விடும் என்று கத்திரி சொன்னாள். “சார், கேக்கறவர் வால்வை மூடணும். அவருக்கு நிழல் எதுக்கு?” என்றாள். “அப்ப படத்துல இருக்கறதைச் சொல்ல வேண்டாமா?” என்று கேட்டேன். “படத்துல என்ன இருக்குன்னு சொல்லாதீங்க சார், அந்தப் படம் அங்க எதுக்கு இருக்குன்னு சொல்லுங்க. ஒரு வரி போதும்.” ஒரு வரியில் என்ன சொல்லிவிட முடியும் மச்சான், நீயே சொல்லு. இருந்தாலும் சின்னப் பெண், முகம் வாடக்கூடாது என்று சுருக்கினேன். உன் பிரிவிலிருந்து அந்தப் பக்கங்களுக்குக் குறை அறிக்கை வரவில்லை. அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் அந்த விஷயம் வருகிறது. நீ அதைக் கேட்டுவிட்டாய், ஊரே கேட்டுவிட்டது, ஆகவே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. திரையில் யார் கண்ணுக்கும் தெரியாமல் வாயாடிக்கு மட்டும் தெரிகிற மாதிரி எழுத்தை வைக்க முடியும் என்று கத்திரி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்குப் பொறி தட்டியது. நீயோ போனை எடுப்பதில்லை. எதிரில் வந்தால் என் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து வேறு பக்கம் திரும்பிவிடுகிறாய். (புதுச் செருப்பு வாங்கியும் பார்த்தேன்.) ஆனால் கையேட்டைத் தினமும் கேட்கிறாய். வேறு என்ன வழி இருக்கிறது? அவள் செய்கிற விதத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, வண்டல் வால்வுக்கு அடியில் நானே ‘மச்சான், அத்தான் பேசுகிறேன், போனை எடு’ என்று வைத்தேன். அழுத்தமானிப் பக்கத்தில் ‘உன் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இதற்கு நீதான் காரணம்’ என்று. சுத்தம் செய்யும் பக்கத்தில் ‘உன் மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது, வெளியே மழை, வந்து எடுத்துக்கொண்டு போ’ என்று. திரையில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கத்திரிக்கும் தெரியாது, மேலாளருக்கும் தெரியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கே உன் அறிக்கை வந்தது. ‘பக்கம்: சுத்தம் செய்தல். கொதிகலனுக்குத் தொடர்பில்லாத உரை உள்ளது. நீக்கவும். இப்படிக்கு, உதவி எண் பிரிவு.’ எனக்கு ஒரே குஷி. சுத்தம் செய்யும் பக்கம் கையேட்டின் கடைசியில் இருக்கிறது. அதுவரைக்கும் யாரும் போவதே இல்லை. நீ அதுவரைக்கும் தேடிக்கொண்டு போயிருக்கிறாய் என்றுதானே அர்த்தம்? உன் அக்காவிடம் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்து, “மழைக்கோட்டைப் பத்திப் பேசறவரு மத்ததைப் பத்தி எப்ப பேசுவாராம்?” என்றாள்.

ஆனால் மச்சான், வாயாடி வைத்துக் கேட்கிறவன் நீ ஒருவன்தான் என்று நான் நினைத்திருந்தேன் பார், அங்கேதான் சறுக்கிவிட்டது. நம் கையேடு எத்தனை ஊரில் எத்தனை பேர் காதில் விழுகிறது என்பது அந்த வாரம்தான் தெரிந்தது. முதலில் ஓர் ஆஸ்பத்திரியின் கொதிகலன் பொறுப்பாளர் எழுதினார். ‘சுத்தம் செய்தல் பகுதியில் மழைக்கோட்டு என்று ஒன்று வருகிறது. இது எந்த மாடலுக்கான உதிரிபாகம்? எங்களுடையதில் அது இல்லை. ஒன்று அனுப்பி வைக்கவும்.’ அதற்குப் பதில் எழுதுவதற்குள் ஒரு மாணவர் விடுதியின் காப்பாளர் அம்மா எழுதினார். ‘வீட்டு விஷயத்தில் தலையிடுவதற்கு மன்னிக்கவும். அவர் போனை எடுத்தாரா? நாங்கள் இங்கே எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.’ மூன்றாவதாக ஒரு நூற்பாலைக்காரர், பெயர்கூடப் போடவில்லை. ‘ஐயா, நானும் மச்சான்காரன்தான். மன்னிப்புக் கேட்காமல் மழைக்கோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எவனும் வரமாட்டான்.’ முன்பின் தெரியாத ஆள் எனக்குப் புத்தி சொல்கிறான்! மூன்றும் நேராக மேலாளர் மேசைக்குப் போய்விட்டன.

மேலாளர் எல்லாரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். அதே அறை, அதே நாற்காலிகள், நீ மட்டும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாய். அவர் கையேட்டைப் பெரிய திரையில் போட்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்கய்யா இருக்கு மழைக்கோட்டு? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார். “கண்ணுக்குத் தெரியாது சார்” என்று நான் விளக்கினேன். கத்திரி வாயாடியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். அதன் குரல் உனக்குத் தெரியுமே, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, சுடுநீர் என்றாலும் ஒன்றுதான், மரணம் என்றாலும் ஒன்றுதான். அந்தக் குரலில் அத்தனை பேர் முன்னாலும் ‘மச்சான். அத்தான் பேசுகிறேன். போனை எடு’ என்றது. ‘உன் அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை’ என்றது. கணக்குப் பிரிவில் ஒருவர் இருமுகிற மாதிரி நடித்தார். ‘மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது’ என்று வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை மச்சான். தடுப்புக்கு அந்தப் பக்கம் உன் போன் பேச்சும் நின்றுவிட்டது. நீ கேட்டாய் என்று எனக்குத் தெரியும். “கொதிகலனுக்கும் மழைக்கோட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்றார் மேலாளர். “ரெண்டுமே தண்ணி சம்பந்தப்பட்டது சார்” என்றேன் சளைக்காமல். அது எடுபடவில்லை. எல்லாவற்றையும் உடனே நீக்கச் சொல்லிவிட்டார். அவரிடம் நான் அன்று அத்தனை பேர் முன்னால் வேறு ஒன்றையும் சொல்லியிருக்கலாம்தான். நேரம் சரியில்லை.

ஆக, கையேட்டில் இப்போது கொதிகலனைத் தவிர ஒன்றும் இல்லை. சலவை நிலையக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் சார் மனுஷன் எழுதின மாதிரி இருக்கு” என்று போனில் சொன்னாராம். இதுதான் நான் சொல்லவந்த வரலாறு. வேலை முடிந்தது, பிசிறு இல்லை, என் மேல் யாருக்கும் எந்தக் குறையும் இருக்க நியாயமில்லை. உன் மாடி அறையில் உன் அக்காவின் தையல் மெஷினைக் கொண்டுபோய் வைத்துவிட்டோம். அறைக்கு இப்போதுதான் களை வந்திருக்கிறது. நீ மாற்றலாகிப் போகிற ஊரில் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். போய்ச் சேர்ந்ததும் கையேட்டில் எங்காவது சிக்கினால் வழக்கம்போல அறிக்கை அனுப்பு. நான் பதில் போடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கைத்தடியின் நுனி தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாய், அதை மாற்று. எங்கே இருந்தாலும் எல்லா நலமும் பெற்று, ஏறுகிற படியெல்லாம் உறுதியாக இருந்து, சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் உனக்குக் கல்யாணமும் ஆகி, என்னைவிட நல்ல மச்சான்மார்கள் உனக்கு அமையட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அன்புள்ள அத்தான்,
தலைவர், ஆவணப் பிரிவு.

பின்குறிப்பு: இது அடிக்குறிப்பு அல்ல. மேலே இருப்பதை இன்று காலையிலேயே உனக்கு அனுப்பிவிட்டேன். கையெழுத்து இல்லாமல் கடிதம் அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று, தட்டச்சு செய்ததை அச்செடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு, போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘அத்தான், படம், படம், படம்னு மட்டும்தான் வாயாடி சொல்லுது. என்ன படம்?’

கத்திரியிடம் சொன்னால் வேலையை விட்டே போய்விடுவாள். நான் அதை நேரே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் உன் அக்காவிடம் காட்டினேன். உதவி எண் பிரிவு போய் அத்தான் வந்திருக்கிறது பார் என்று. அவள் கடிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். படித்துவிட்டு, சுவரிடம் இல்லை, என்னிடமே கேட்டாள்: “இத்தனை பக்கத்துல அந்த ஒரு வார்த்தை எங்க இருக்கு?” தேடினேன். மழைக்கோட்டு இருந்தது, செருப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது. அது இல்லை.

அங்கிருந்து திரும்பி நேராக மேலாளர் அறைக்குப் போனேன். நீ அன்று எனக்குப் போன் செய்ததையும், நான் முழுசாகக் கேட்காமல் வைத்ததையும் சொல்லிவிட்டேன். “இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னய்யா?” என்றார்.  உன் கோப்பில் இருந்த எச்சரிக்கை இப்போது என் கோப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

ஆகையால் மேலே இருப்பதை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. தையல் மெஷின் பழைய இடத்திலேயே இருக்கிறது, உன் அறையை யாரும் தொடவில்லை. தூங்குகிறேன் என்று எழுதியதும் பொய். இந்தப் பின்குறிப்பை மட்டும் எழுத்தாகத் தட்டச்சு செய்து, அந்தப் படங்களையே கூடச் சேர்த்து மறுபடி அனுப்புகிறேன். இந்தத் தடவை படங்களுக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். கத்திரி சொன்ன மாதிரியே, அதில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை, அது எதற்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே விளக்கம்தான்: ‘தப்பு என்னுது மச்சான். வீட்டுக்கு வா.’

வாயாடி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்கும் ஒரு குறை அறிக்கை எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்து கையில் கொடு.